வீரர் வீட்டில் அடித்தார் என்ற செய்தி வந்தால்: வன்னிக் கழக நிர்வாகங்களுக்கான செய்முறை

வன்னியில் ஒரு விளையாட்டு வீரர் மனைவிமீது கை நீட்டினால், பொலிஸுக்குப் போவதற்கு முன்பே செய்தி கழகத் தலைவரின் காதுக்கு வந்துவிடும். ஒழுங்கை ஒன்று, சந்திக் கடை ஒன்று. தலைவர் அநேகமாகச் சித்தப்பா முறையாகவோ மச்சான் முறையாகவோ இருப்பார். பிறகு நடப்பதும் தெரிந்ததுதான். இரண்டு பெரியவர்கள் பின்னேரம் வீட்டுக்குப் போவார்கள். "பிள்ளை, அவன் கோவத்தில செய்திட்டான். ஞாயிறு பைனல் முடியட்டும், பிறகு கதைப்பம்" என்பார்கள். கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பெண் வேறென்ன சொல்வார்? தலையாட்டுவார். ஞாயிறு அவர் விளையாடுவார்.

கோடிக்கணக்கில் டொலர் புரளும் அமெரிக்க லீக்குகளிலும் இதே காரியம் கோட்டும் டையுமாக நடந்திருக்கிறது. சட்டத்தரணிகளும் விசாரணையாளர்களும் சம்பளத்துக்கு இருக்கும் இடத்திலேயே தலைமை எப்படிச் சறுக்கியது என்று பார்த்தால், நமது கழகத்தில் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது தெரிந்துவிடும்.

கழகம் நீதிமன்றமும் அல்ல, குடும்ப மத்தியஸ்தரும் அல்ல. அதற்கு உள்ள வேலை மூன்றுதான். கழகத்தின் செயலால் அந்தப் பெண்ணுக்குப் புதிய ஆபத்து வராமல் பார்க்க வேண்டும். வீரரை ஒதுக்கி வைக்க வேண்டும். அதிகாரமுள்ளவர்களிடம் விடயம் போவதற்குக் குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும்.

2014 இல் எங்கே பிழைத்தது

2014 பெப்ரவரி 15 அன்று அற்லாண்டிக் சிற்றியில் ஒரு சூதாட்ட ஹோட்டலின் லிப்டுக்குள் ரே ரைஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் தனது வருங்கால மனைவியை அடித்து நினைவிழக்கச் செய்தார். நினைவற்ற அவரை லிப்டிலிருந்து இழுத்து வெளியே போடும் காட்சி சில நாட்களிலேயே வெளியானது. அவர் விளையாடிய பால்ட்டிமோர் ரேவன்ஸ் அணியும், அது சேர்ந்த என்.எப்.எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கும் அதற்குப் பிறகு செய்தவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மே மாதத்தில் அணி ஓர் ஊடகச் சந்திப்பு வைத்தது. அதற்குள் மனைவியாகிவிட்ட அவரை வீரருக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். சம்பவம் நடந்த இரவில் தனக்கிருந்த பங்குக்கு மனைவி வருந்துகிறார் என்று அணியின் ருவிட்டர் பக்கமே செய்தி போட்டது. அடி வாங்கியவர் மன்னிப்புக் கேட்கும்படி ஒரு நிறுவனமே மேடை போட்டுக் கொடுத்தது.

ஜூன் மாதத்தில் லீக் ஆணையாளர் ரொஜர் குடெல் விசாரணை நடத்தினார். கணவன் அதே அறையில் இருக்க, அணி அதிகாரிகளும் கூட இருக்க, மனைவியிடம் கதை கேட்டார்கள். நமது பெரியவர்கள் பின்னேரம் போய்க் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஜூலையில் இரண்டு போட்டித் தடை வந்தது. கண்டனம் கிளம்பியதும் ஓகஸ்ட் கடைசியில், தான் சரியாகச் செய்யவில்லை என்று குடெல் ஒப்புக்கொண்டு, இனி முதல் குற்றத்துக்கு ஆறு போட்டித் தடை என்று அறிவித்தார். செப்ரெம்பர் 8 அன்று லிப்டுக்குள் எடுக்கப்பட்ட காணொளி வெளிவந்தது. அன்றே அணி ரைஸை நீக்கியது. லீக் காலவரையறையற்ற தடை போட்டது.

பெரிய அடி நவம்பரில் விழுந்தது. மேன்முறையீட்டை விசாரித்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் அந்த இரண்டாவது தடையை நீக்கிவிட்டார். ஜூன் மாதத்திலேயே ரைஸ் நடந்ததைச் சொல்லியிருந்தார், லீக்கை ஏமாற்றவில்லை, ஆகவே ஒரே செயலுக்கு இரண்டு தடவை தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பு. அன்று வீரர் என்ன வார்த்தை சொன்னார் என்பதற்கு லீக்கிடம் உருப்படியான குறிப்புக்கூட இருக்கவில்லை. முன்னாள் எப்.பி.ஐ தலைவர் ரொபர்ட் முல்லர் 2015 ஜனவரியில் கொடுத்த அறிக்கை இன்னொன்றைக் காட்டியது: காணொளியை லீக்கில் எவரும் முன்பே பார்த்ததற்கு ஆதாரம் இல்லை, ஆனால் வழக்கை விசாரித்த பொலிஸாரையோ ஹோட்டலையோ லீக் விசாரணையாளர்கள் தொடர்புகொள்ளவே இல்லை. தெரிந்துகொண்டால் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்றால், தெரியாமல் இருப்பதே சுகம்.

ஆறு போட்டி விதி எழுதியபின் எல்லாம் சரியானதா? அதே லீக்கில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணிக்குக் கோல் உதைக்கும் ஜொஷ் பிரவுன் என்ற வீரர் மனைவியைத் தாக்கியதாக 2015 இல் கைதானார். 2016 இல் லீக் கொடுத்தது ஒரே ஒரு போட்டித் தடை. மனைவியை முன்பு துன்புறுத்தியதை அவர் அணியிடம் ஒப்புக்கொண்டிருந்தார் என்று உரிமையாளரே அதே ஆண்டு ஒக்ரோபரில் வானொலியில் சொன்னார். எந்த அளவுக்கு என்பதுதான் தெளிவில்லை என்றார். தானே எழுதிய குறிப்புகளில் வீரர் வன்முறையை ஒப்புக்கொண்டிருந்த ஆவணங்கள் வெளியானபின்தான் அணி அவரை அனுப்பியது. விதி இருந்தது. ஆனால் கோல் தேவைப்பட்டவர்களே அதை நடைமுறைப்படுத்தும் இடத்தில் இருந்தார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு வகை உண்டு. 2018 இல் இந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர்மீது மனைவி வன்முறை முறைப்பாடு செய்தபோது (வீரர் அதை மறுத்தார்), கிரிக்கெட் சபை விசாரித்தது முறைப்பாட்டில் இருந்த காசு சம்பந்தப்பட்ட ஊழல் பகுதியை மட்டும். அதில் குற்றமில்லை என்றதும் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. பந்தயக் காசு கழகத்தின் விடயம், வீட்டுக்குள் நடப்பது குடும்பத்தின் விடயம் என்ற பிரிப்பு எங்கள் ஆட்களுக்கும் நன்றாகப் பழகியது. சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. இலங்கையின் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் வன்முறையோடு மன வன்முறையையும் சேர்த்தே பார்க்கிறது. 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் துணைவர் இருந்த அல்லது இருக்கும் பெண்களில் 20.4 வீதமானோர் அந்தத் துணைவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள். ஐவரில் ஒருவர். பதினைந்து பேர் கொண்ட அணியை வைத்து நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சம்பவத்துக்கு முன்பே யாப்பில் எழுதுங்கள்

பெயர் தெரிந்தபின் எழுதும் விதி அந்தப் பெயருக்குத் தக்கபடி வளையும். ஆகவே எந்தச் சச்சரவும் இல்லாத பொதுக்கூட்டத்தில் யாப்பைத் திருத்துங்கள். இப்படி எழுதலாம்:

"அங்கத்தவர், பயிற்றுநர் அல்லது நிர்வாகி ஒருவர்மீது வீட்டு வன்முறை தொடர்பாகப் பொலிஸ் முறைப்பாடு பதியப்பட்டால், அல்லது நீதிமன்றக் கட்டளை பிறப்பிக்கப்பட்டால், அல்லது பாதுகாப்புக் குழு தனக்குக் கிடைத்த தகவலின்படி அவசியம் எனத் தீர்மானித்தால், அவர் சகல போட்டிகளிலிருந்தும் பொறுப்புகளிலிருந்தும் ஒதுக்கி வைக்கப்படுவார். இது தண்டனையன்று, குற்றம் பற்றிய தீர்ப்புமன்று. இத்தீர்மானம் 30 நாட்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படும். புதிய தகவல் கிடைத்தால் எப்போதும் மீள ஆராயப்படலாம்."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். ரைஸ் விடயத்தில் லீக் மாட்டிக்கொண்டது முதலில் எடுத்த முடிவைப் பிறகு மாற்ற முடியாமல் போனதால். "தண்டனையன்று" என்பதும் அலங்காரத்துக்கு அல்ல. அவுஸ்திரேலிய ரக்பி லீக்கில் 2019 முதல் இப்படியொரு விதி இருக்கிறது: 11 வருடம் அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெறக்கூடிய குற்றம் சுமத்தப்பட்டால் வீரர் தானாகவே ஒதுங்க வேண்டும், சம்பளம் தொடரும், அணியோடு பயிற்சி செய்யலாம். ஒரு வீரர் வழக்குப் போட்டும் நீதிமன்றம் விதியை நிலைக்கவிட்டது. அமெரிக்க பேஸ்போல் லீக் 2015 ஓகஸ்ட்டில் வீரர் சங்கத்தோடு சேர்ந்து எழுதிய கொள்கை இன்னும் ஒரு படி போகிறது. நீதிமன்றத் தண்டனை இல்லாமலே ஆணையாளர் நடவடிக்கை எடுக்கலாம். அதன்கீழ் முதலில் தடைபெற்ற அரோல்டிஸ் சப்மன்மீது குற்றவியல் வழக்கே போடப்படவில்லை. 2016 இல் 30 போட்டித் தடை கிடைத்தது. "பொலிஸே ஒண்டும் செய்யேல்லை, நாங்கள் என்ன செய்யிறது" என்ற சாட்டு அங்கே எடுபடாது.

பாதுகாப்புக் குழுவுக்கு மூன்று பேர் போதும். ஒருவராவது பெண், ஒருவராவது கழகத்துக்கு வெளியே உள்ளவர். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, குடும்பநல மாது போன்றோர் பொருத்தம். பயிற்றுநரும் அணித்தலைவரும் இதில் இருக்கவே கூடாது. வீரருக்கு உறவுமுறையானவர், அவரோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர், கொடுக்கல் வாங்கல் உள்ளவர் ஆகியோர் அந்தச் சம்பவத்துக்கு மட்டும் விலக வேண்டும். சின்ன ஊரில் அப்படிப் பார்த்தால் எவருமே மிஞ்சமாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் பதிலாட்கள் இருவரை அடுத்த கிராமத்திலிருந்து முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். முறைப்பாடு தலைவர்மீதோ பயிற்றுநர்மீதோ என்றால் குழு நேரே போசகருக்கும் பிரதேச விளையாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவிக்க வேண்டும் என்பதையும் அதே பிரிவில் எழுதிவிடுங்கள்.

முதல் இரவு

இங்கேதான் வரிசை முக்கியம். முதலில் பெண், பிறகு வீரர். நல்ல எண்ணத்தில் அவசரப்பட்டு வீரரைக் கூப்பிட்டு "வீட்டில என்ன நடந்தது?" என்று கேட்டால், யார் சொன்னது என்ற கேள்வியோடுதான் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போவார். அந்த இரவுக்குக் கழகமும் பொறுப்பு.

அந்தப் பெண்ணோடு கதைக்க வேண்டியவர் குழுவில் உள்ள பெண், ஒருவர் மட்டும். அவரது வீட்டில் அல்ல. முன்பள்ளி, கிளினிக், கோயில் என்று அவர் வழமையாகப் போய்வரும் இடத்தில். போனில் எழுத வேண்டாம். பல வீடுகளில் ஒரே போன்தான்; இரண்டு இருந்தாலும் கடவுச்சொல் கணவனுக்குத் தெரியும். கேட்க வேண்டியது கொஞ்சம்தான்: "தங்கச்சி, இண்டைக்கு இரவு வீட்டில இருக்கப் பயமா இருக்கா? டொக்டரிட்ட காட்ட வேணுமா? ஆருக்குச் சொல்லட்டும், ஆருக்குச் சொல்லக்கூடாது?" ஏன் அடித்தார், நீ என்ன சொன்னாய், முந்தியும் இப்படியா என்று நீட்ட வேண்டாம். அது விசாரணை, கழகத்தின் வேலை அல்ல.

ஆனால் சில விடயங்கள் காதில் விழுந்தால் அன்றே அசைய வேண்டும். கழுத்தை நெரித்தது, கொல்லுவேன் என்று மிரட்டியது, கத்தியோ மண்ணெண்ணெயோ எடுத்தது, அவர் பிரிந்து போக வெளிக்கிட்டிருப்பது, கர்ப்பமாக இருப்பது. கழுத்து நெரிபட்டால் வெளியே தழும்பு இல்லாமலே உள்ளே வீக்கம் வரலாம். குரல் கரகரப்பு, விழுங்கக் கஷ்டம், தலைச்சுற்று இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனடி ஆபத்து என்றால் 119. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938; பிள்ளைக்கு அடி விழுந்தால் 1929.

வாகனத்தை முன்கூட்டியே யோசியுங்கள். உள்ளூர்ப் பாதைகளில் பின்னேரம் கடைசி பஸ் போய்விட்டால் மல்லாவியிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ வெளியேற வழியில்லை. ஓட்டோ பிடிக்கலாம், ஆனால் அணி வீரர் ஓடும் ஓட்டோவை அல்ல. இந்தப் பயணச் செலவுக்கென்று கழக நிதியில் ஒரு சிறு தொகையைப் பிரித்து வைத்து, கணக்கில் பெயர் எழுதாமல் "அவசரப் போக்குவரத்து" என்று மட்டும் பதியுங்கள்.

அவர் வெளியேற முடிவெடுத்தால் எடுத்துப்போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அஸ்வெசும ஆவணங்கள், கிளினிக் கொப்பி, காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி. கடைசியானதை மறந்துவிடுவார்கள். மீள்குடியேற்றத்தில் கிடைத்த காணிகளின் அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும்; பிறகு வழக்கு என்று வரும்போது இலக்கம்கூடத் தெரியாமல் நிற்க வேண்டிவரும்.

போகவோ முறைப்பாடு செய்யவோ அவர் விரும்பாவிட்டால்? வயதுவந்த ஒருவரின் அந்த முடிவு அவருடையது. இடம்பெயர்வில் தாய்வீடு எங்கோ போய்விட்ட பெண்ணுக்கு அடுத்த நாள் எங்கே படுப்பது என்பதே கேள்வி. இலக்கங்களைக் கொடுத்துவிட்டு, "எப்ப வேணுமெண்டாலும் சொல்லுங்கோ" என்று சொல்லி வையுங்கள். அதற்காக வீரரைத் தொடர்ந்து விளையாடவிட வேண்டும் என்பதில்லை. யார் விளையாடுவது என்பது கழகத்தின் முடிவு. எப்போது அறிவிப்பது என்பதை மட்டும் அவருடைய பாதுகாப்பைக் கேட்டு முடிவெடுங்கள்.

வைத்தியசாலை, பொலிஸ், நீதிமன்றம்

கழகம் இவற்றைச் செய்வதில்லை. ஆனால் கூடப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வைத்தியரிடம் "கிணத்தடியில வழுக்கி விழுந்தனான்" என்று சொன்னால் அதுதான் பதிவாகும். ஆறு மாதத்துக்குப் பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதையே எடுத்து வாசிப்பார். அடித்த காயம் என்று சொன்னால் வைத்தியசாலைப் பொலிஸாருக்கு அறிவிப்பார்கள். இதை அவர் உள்ளே போகும் முன்பே தெரிந்திருப்பது நல்லது. பல அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற தனிப் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வெளிநோயாளர் வரிசையில் விபரம் சொல்லத் தேவையில்லை, அந்தப் பிரிவைக் கேட்டால் போதும். கண்டல் காயம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் நன்றாகத் தெரியும். ஆகவே முதல்நாள் எடுத்த படம் போதாது. முகமும் காயமும் சேர்ந்து தெரிய ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒன்று என எடுங்கள். படங்கள் அவர் நம்பும் ஒருவரின் போனில் இருக்கட்டும், கழகச் செயலாளரின் போனில் வேண்டாம்.

பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே வழமையாகப் பிழைப்பது ஒன்று: இருவரையும் கூப்பிட்டு, புத்திமதி சொல்லி, சமாதானம் என்று எழுதி அனுப்பிவிடுவது. அப்படி நடந்தாலும் வழி அடைபடவில்லை. பாதுகாப்புக் கட்டளைக்கு நீதவான் நீதிமன்றத்தில் அவரே சட்டத்தரணி மூலம் விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை கொடுத்து 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி போடும். முழுக் கட்டளை 12 மாதம் வரை இருக்கலாம். வீட்டுக்குள் வராதே, வேலையிடத்துக்குப் போகாதே, தொடர்புகொள்ளாதே என்றெல்லாம் நிபந்தனை போட முடியும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபா வரை தண்டம் அல்லது இரண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சந்திக்கலாம்.

கட்டளை கிடைத்தால் அதன் நிபந்தனைகளைக் கழகம் கேட்டு அறிய வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்து முன்பள்ளியில் அவர் வேலை செய்கிறார் என்றால், அங்கே பின்னேரப் பயிற்சி வைத்து வீரரை வரச் சொல்வது கட்டளையை மீறத் தூண்டுவதுதான்.

வீரரோடு கதைப்பது

குழுவிலிருந்து இருவர் போக வேண்டும். ஒருவர் கதைக்க, மற்றவர் எழுத. நேரம், இடம், சொன்ன வசனங்கள், முடிந்தவரை அவருடைய வார்த்தையிலேயே. முடிவில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். சொல்ல வேண்டியது சுருக்கம்: "தம்பி, யாப்பின்படி இண்டையிலயிருந்து நீங்கள் ஒதுங்கியிருக்க வேணும். இது தீர்ப்பில்லை. உங்கட பக்கத்தை எழுத்தில தரலாம். வீட்டில இதைப்பற்றி ஆரையும் கேக்கவோ வெருட்டவோ கூடாது." தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கொடுக்க வேண்டாம், யாப்பைக் காட்டுங்கள். வெறியில் இருக்கும்போதோ இரவிலோ இதைச் செய்ய வேண்டாம்.

காசு விடயத்தில் பலர் தடுமாறுவார்கள். போட்டிக் காசோ புலம்பெயர் உறவுகள் அனுப்பும் மாதக் கொடுப்பனவோ இருந்தால், ஒதுக்கி வைத்த காலத்தில் அதை நிறுத்த வேண்டாம். வீரர்மீது இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. வீட்டு அடுப்பு அந்தக் காசில்தான் எரிகிறது. அது நின்றால் "உன்னாலதான்" என்று இன்னொரு அடி விழும், அல்லது பசி தாங்காமல் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவார். நேரடியாக மனைவிக்குக் கொடுக்கக் கழகத்துக்கு அதிகாரமில்லை. வீரர் எழுத்தில் சம்மதித்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போக வேண்டும்.

பதிவை எங்கே வைப்பது? பொதுக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் மட்டும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் செயலாளர் எழுந்து அதைச் சத்தமாக வாசிப்பார், முழு ஊரும் கேட்கும். அங்கே "யாப்பின் இன்ன பிரிவின்கீழ் ஒரு அங்கத்தவர் ஒதுக்கி வைக்கப்பட்டார்" என்ற ஒரு வரி போதும். மிச்சம் தனிக் கோவையில், பூட்டுப் போட்ட பெட்டியில், குழுவின் பெண் உறுப்பினரிடம்.

வெளியே என்ன சொல்வது

எல்லாருக்கும் தெரிந்த விடயம்தானே என்று கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் பெயர் போட வேண்டாம். மனைவியின் பெயர், படம், ஊர் எதுவும் வரக்கூடாது. இவ்வளவு போதும்: "கழக அங்கத்தவர் ஒருவர் யாப்பின்படி போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருக்கிறார். விடயம் உரிய அதிகாரிகளிடம் உள்ளது. எவரையும் அடையாளம் காட்டும் கருத்துகள் நீக்கப்படும்." அதைப் போட்டபின் அன்றிரவு முழுவதும் ஒருவர் இருந்து கருத்துகளை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் போடாமலே விடுங்கள். வட்ஸ்அப் குழுவில் பயிற்றுநர் ஒரே வசனம் சொல்லலாம்: இதைப்பற்றி இங்கே கதைக்க வேண்டாம், அந்த வீட்டுக்கு ஒருவரும் போக வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அழைப்பு வரும். கிண்ணத்துக்குக் காசு போட்டவர், "அவன் இல்லாமல் எப்பிடி?" என்பார். வாதாட வேண்டாம், யாப்புப் பிரிவைப் படமெடுத்து அனுப்புங்கள்.

சமாதானம் என்ற பொறி

மிகுந்த கேடு செய்வது இதுதான், அதுவும் நல்ல மனதோடு. மத்தியஸ்த சபைக்குப் போவோம், கோயிலில் சத்தியம் வாங்குவோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் கழகம் பொறுப்பு நிற்கும் என்பார்கள். மத்தியஸ்தம் இரு பக்கமும் பயமில்லாமல் பேசக்கூடிய காணிப் பிரச்சினைக்கும் கடனுக்கும் சரி. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் இடத்தில், அங்கே சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் விலை கொடுக்க வேண்டிவரும். தவிர, முறைப்பாடு செய்தவரை வாபஸ் வாங்கும்படி வெருட்டுவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். பெரியவர்கள் கூட்டாகப் போய் வாசலில் இருப்பதற்கும் வெருட்டலுக்கும் இடைவெளி அவர்கள் நினைப்பதைவிடக் குறுகியது. குடும்பத்தார் தாங்களாகப் பேசினால் அது அவர்கள் விருப்பம். கழகத்தின் பெயரில் எவரும் போகக்கூடாது என்று தீர்மானம் எழுதுங்கள்.

திரும்பவும் விளையாடவிடுவது

வழக்கு முடிய வருடங்கள் எடுக்கலாம். 30 நாள் மீளாய்வு அதற்காகத்தான். பார்க்க வேண்டியவை: நீதிமன்றக் கட்டளையை ஒழுங்காகக் கடைப்பிடித்தாரா, உளவளத்துணைக்குத் தவறாமல் போனாரா (போனதற்கு எழுத்தில் உறுதி வேண்டும்), பாதிக்கப்பட்டவர்மீது ஊரில் கதை பரப்பினாரா. மனைவியிடம் போய் "விளையாட விடட்டோ?" என்று கேட்பது நிபந்தனைகளில் இல்லை, அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றக்கூடாது. திரும்புவது பற்றிய திகதியை மட்டும் அவருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பு ஒன்றே போதுமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவர் சிவப்பு அட்டை காட்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியேறுகிறவருக்குக் கோபத்தைக் கட்டுப்படுத்தத் தெரியும். யாரிடம் காட்டலாம் என்பதும் தெரியும். குடியை விட்டுவிட்டார் என்பதும் அப்படித்தான். நல்லது, ஆனால் அது வேறு கணக்கு. திரும்பிய முதல் வருடத்தில் அணித்தலைமை, பரிசளிப்பு மேடை, மாணவர் பயிற்சி எதுவும் கொடுக்க வேண்டாம்.

அவர் கோபித்துக்கொண்டு வேறு கழகத்துக்குப் போக விலகல் கடிதம் கேட்கலாம். நல்ல வீரரென்றால் அடுத்த ஊர்க் கழகம் கையை நீட்டும். நமது தலைவரும் தொல்லை விட்டது என்று கையெழுத்திட்டுக் கொடுப்பார். கடிதத்தைக் கொடுங்கள், தடுக்க வேண்டாம். ஆனால் அதில் "ஒழுக்கத்தில் எந்தக் குறையும் இல்லை" என்ற வழமையான வரியைப் போடாமல், "யாப்பின் இன்ன பிரிவின்கீழ் இன்ன திகதியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளார்; மீளாய்வு நிலுவையில் உள்ளது" என்று எழுதி, பிரதியைப் பிரதேச விளையாட்டு உத்தியோகத்தருக்கும் அனுப்புங்கள்.